காற்றுக்கும் ஒரு வழி

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, அவர் குளிப்பதற்கு ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் உள்ள எங்கள் வீட்டில் ஓர் இடம் இல்லை. 1950களில் கட்டிய பங்களோ அது. மேல்தளத்தில் ஒரே ஒரு குளியலறை. அதன் வாசல் குறுகல். அம்மாவின் நடைச்சட்டம் நுழையாது. உள்ளே இருந்ததும் குளியல்தொட்டி. அதன் விளிம்பைத் தாண்டிக் காலைத் தூக்கி வைக்க எண்பது வயதில் அவரால் முடியவில்லை. பேஸ்மென்ற்றில் ஷவர் இருந்தது, ஆனால் செங்குத்தான படிகள். ஆகவே கதிரையில் இருத்தி ஈரத்துணியால் துடைத்துவிட்டோம். கிணற்றடியில் துலாவால் இறைத்து வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக் குளித்து வளர்ந்த மனுசி. ஒன்றும் சொல்லமாட்டார். நான் வெந்நீரும் துணியும் கொண்டு போகிற நேரம் முகத்தை மட்டும் யன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார்.

வீட்டின் பின்பக்கத்தில், முன்னர் இருந்தவர்கள் சேர்த்துக் கட்டிய ஓர் அறை உண்டு. அதை அம்மாவுக்கு ஒதுக்கி, ஒரு மூலையை மறித்து ஷவர் வைப்பது என்று முடிவு செய்தோம். மேலே நின்று பார்த்தால் சின்ன வேலைதான். சிக்கல் முழுவதும் கீழே இருந்தது. அந்தப் பின்னறைக்குக் கீழே பேஸ்மென்ற் கிடையாது. மண்ணுக்கும் தரைச்சட்டங்களுக்கும் நடுவே இரண்டடியும் கொஞ்சமும் உயரம். கிறோல் ஸ்பேஸ் என்பார்கள், தவழ்ந்துதான் போகலாம். பழைய பேஸ்மென்ற்றுக்கு வெளிச்சம் வந்த யன்னல் துவாரமே அதற்கு வாசல். மண்ணின் மேல் பிளாஸ்ரிக் விரிப்பு, சுற்றுச்சுவரில் நுரைப்பலகை, தலைக்கு மேலே வரிசையாக மரச்சட்டங்கள்.

விலை கேட்க வந்த முதலாவது ஆள் அந்தத் துவாரத்துக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே போகவில்லை. "அண்ணை, உதுக்கு வென்ற் ஒண்டும் தேவையில்லை. ரெண்டு இஞ்சி பைப்பைக் கொண்டுபோய்ப் பழைய பைப்பிலை குடுத்தாக் காணும். பெர்மிற்றும் வேண்டாம், நாலு நாளிலை முடிச்சுத் தாறன்" என்றார். சொன்ன விலை குறைவு. அம்மாவை எவ்வளவு கெதியாக ஷவரில் இருத்தலாமோ அவ்வளவு நல்லது என்ற அவசரமும் எங்களுக்கு இருந்தது. ஆனாலும் அந்த ஆளுக்கு வேலையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வென்ற், அதாவது வடிகுழாய்க்குக் காற்று விடும் குழாய், இல்லாத வீடு எப்படி மணக்கும் என்பது எனக்குத் தெரியும்.

1990களின் தொடக்கத்தில், எங்கள் ஆட்கள் அநேகரைப்போல, நாங்களும் ஒரு பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருந்தோம். மேலே வீட்டுக்காரர் உடுப்புத் தோய்க்கும் மெஷின் தண்ணீரைக் கக்கும்போதெல்லாம் எங்கள் ஷவரின் வடிகால் 'களக் களக்' என்று சத்தம் போடும். சற்று நேரத்தில் அழுகல் முட்டை மணம் கிளம்பும். அம்மா பிளீச் ஊற்றினார். தேசிக்காய்த் தோல் போட்டார். மேலே இருந்தவர்கள் ஒருநாள் வந்து மூக்கைச் சுளித்துவிட்டுப் போன பிறகு, கருவாடு பொரிப்பதை நிறுத்தினார். பிறகு மீன்குழம்பு வைப்பதையும் நிறுத்தினார். மணம் நிற்கவில்லை. எங்கள் சமையலால்தான் வீடு மணக்கிறது என்று அவர் நெடுநாள் நம்பிக்கொண்டு இருந்தார். அது கருவாட்டு மணமே அல்ல, சாக்கடைக் காற்றில் உள்ள ஐதரசன் சல்பைட்டு என்பதும், எங்கள் வடிகாலில் நிற்கவேண்டிய தண்ணீரை மேலே இருந்து இறங்கிய தண்ணீர் உறிஞ்சிக்கொண்டு போயிற்று என்பதும் எனக்குப் பின்னாளில்தான் விளங்கியது. அம்மா விட்ட மீன்குழம்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

வடிகாலின் கீழே வளைந்த குழாய் ஒன்று இருக்கும். ட்ராப் என்று பெயர். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். கனடாவின் விதிப்படி அந்தத் தண்ணீர்ப் பூட்டின் ஆழம் குறைந்தது 38 மில்லிமீற்றர். ஒன்றரை அங்குலத் தண்ணீர். வீட்டுக்கும் நகரத்தின் சாக்கடைக்கும் நடுவே உள்ள கதவு அவ்வளவுதான். 1775இல் லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் மலசலகூடத்துக்கு இப்படியொரு வளைகுழாயை வைத்துக் காப்புரிமை பெற்றார். இருநூற்றைம்பது வருடங்களாக நகரங்களில் மனிதர் வீட்டுக்குள்ளேயே மலசலகூடம் வைத்துக்கொண்டு மூக்கைப் பொத்தாமல் வாழ்வது இந்த வளைவில் நிற்கும் தண்ணீரால்தான்.

அந்தத் தண்ணீரைக் காப்பாற்றுவது வென்ற். ரின்பால் பேணியில் ஒரு துளை மட்டும் போட்டுக் கவிழ்த்தால் பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு துளை போட்டால்தான் காற்று உள்ளே போய்ப் பால் ஒழுங்காக வடியும். வடிகுழாயிலும் அதேதான் நடக்கிறது. தண்ணீர் இறங்கும்போது பின்னால் வெற்றிடம் உண்டாகும். அதை நிரப்பக் காற்று வர ஒரு வழி வேண்டும். வழி கொடுத்தால் கூரைக்கு மேலிருந்து காற்று வரும். கொடுக்காவிட்டால் ட்ராப்பில் நிற்கும் தண்ணீரை இழுத்துக்கொண்டு அறைக்குள்ளிருந்து வரும். அந்தக் 'களக் களக்' அதன் சத்தம்.

இது மணத்தோடு முடிகிற விஷயம் அல்ல. 2003இல் சார்ஸ் நோய் வந்தபோது நாங்கள் ஸ்காபரோவில் இருந்தோம். கனடாவில் அந்த நோயால் 44 பேர் இறந்தார்கள். மிகப் பெரும்பாலோர் ரொறொன்ரோப் பகுதியினர். அதே வருடம் ஹொங்கொங்கில் அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடித் தொகுதியில் 300க்கும் மேற்பட்டோருக்கு அந்த நோய் தொற்றியது. ஆராய்ந்தவர்கள் காட்டிய காரணங்களில் முக்கியமானது, குளியலறைத் தரையில் இருந்த வடிகால்களின் ட்ராப் காய்ந்து கிடந்தமை. அங்கே பலர் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் துடைத்துவந்தார்கள். பூட்டுத் தண்ணீர் வற்றிப்போயிற்று. குளியலறையின் காற்றாடி உள்ளிருந்த காற்றை வெளியே இழுக்க, காய்ந்த வடிகால் வழியே கழிவுநீர்த் துளிகள் அறைக்குள் ஏறின. நெஞ்சுச் சளியோடு ஒவ்வொரு குளிர்காலத்தையும் கடக்கிற ஒரு கிழவியின் படுக்கைக்குப் பத்தடி தூரத்தில் வைக்கப்போகும் ஷவருக்கு 'வென்ற் தேவையில்லை' என்று ஒருவர் சொன்னால், அதை நான் எப்படி ஏற்பது?

பிறகு வந்தவர் லைசென்ஸ் பெற்ற பிளம்பர், எங்கள் ஊர்ப்பக்கத்துப் பிள்ளை. வந்ததும் மேலங்கியைக் கழற்றிவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு துவாரத்துக்குள் போய்விட்டார். நானும் பின்னாலே போனேன். இரண்டு பேரும் மல்லாந்து கிடந்தபடி தரைச்சட்டங்களைப் பார்த்துக்கொண்டு பேசினோம். என் வீட்டின் உண்மையான அமைப்பை முதன்முதலாக நான் பார்த்தது அப்படிக் கிடந்துதான்.

எங்கே சிக்கல் என்று அவர் அளவுகோலை வைத்துக் காட்டினார். சட்டங்கள் வீட்டின் பின்சுவரிலிருந்து பழைய அத்திவாரம் வரை நீளவாக்கில் ஓடின. வென்ற் ஏறவேண்டிய உட்சுவர் ஷவரிலிருந்து பக்கவாட்டில் ஐந்தடி தள்ளி இருந்தது. அப்படியென்றால் குழாய் சட்டங்களைக் குறுக்கே கடக்கவேண்டும். எங்கள் சட்டங்களைப்போல 2×8 என்று கடையில் விற்கும் மரத்தின் உண்மையான உயரம் 7¼ அங்குலம், அதாவது 184 மில்லிமீற்றர். இங்குள்ள கட்டட விதி, சட்டத்தின் உயரத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் துளை போடக்கூடாது என்கிறது. மேல் கீழ் விளிம்புகளிலிருந்து 50 மில்லிமீற்றராவது தள்ளியும் இருக்கவேண்டும். நாலில் ஒரு பங்கு 46 மில்லிமீற்றர். இரண்டு அங்குலக் குழாயின் வெளிச்சுற்றுக் குறுக்களவோ 60 மில்லிமீற்றர். போகாது. கீழ்விளிம்பை வெட்டி இடம் பண்ணுவதென்ற பேச்சுக்கே இடமில்லை. பாரத்தைத் தாங்கி வளையும்போது மரம் அதிகமாக இழுபடுவது அந்த விளிம்பில்தான். மற்ற வீடுகளில் பிளம்பர்கள் சட்டத்தை அரைவாசிக்கு வெட்டிவிட்டுப் போனதைத் தான் பார்த்திருப்பதாக அந்தப் பிளம்பர் தம்பி சொன்னார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. மேலே ஓடு ஏன் வெடிக்கிறது என்று வீட்டுக்காரர் பத்து வருடம் யோசிப்பாராம்.

குறுக்கே கடக்க வழியில்லாவிட்டால், வென்ற் குழாயைச் சட்டங்களுக்குக் கீழே படுக்கையாகக் கொண்டுபோய்ச் சுவரடியில் ஏற்றினால் என்ன என்று கேட்டேன். அதுவும் ஆகாது என்றார். காற்று மட்டும் போகும் குழாய், வடிகுழாயிலிருந்து கிளம்பிய இடத்திலேயே மேல்நோக்கி ஏறவேண்டும். படுத்தால் 45 பாகைக்கு மேல் படுக்கக்கூடாது. ஷவர்த் தட்டின் விளிம்பு மட்டத்துக்கு மேலே போன பிறகே அதைப் பக்கவாட்டில் திருப்பலாம். காரணம் எளிது. என்றைக்காவது வடிகால் அடைத்தால் அழுக்குத் தண்ணீர் வென்றுக்குள்ளும் ஏறும். நிமிர்ந்த குழாய் என்றால் அடைப்பு எடுபட்டதும் எல்லாம் கீழே வழிந்துவிடும். படுத்த குழாயில் தலைமயிரும் சவர்க்காரமும் தங்கிவிடும். அதைக் கழுவ அந்தப் பக்கம் தண்ணீர் போவதில்லை. நாளடைவில் வென்ற் இருந்தும் இல்லாததாகிவிடும்.

அடுத்ததாகக் கூரைவரை போகாமல் முடியும் வால்வைப் பற்றிப் பேச்சு வந்தது. குழாயில் வெற்றிடம் உண்டானதும் ஒரு றப்பர்த் தட்டு திறந்து காற்றை உள்ளே விடும். மற்ற நேரம் மூடிக்கொண்டு நிற்கும். சில இடங்களுக்கு, புதுப்பிக்கும் பழைய வீடுகளுக்கு, விதி அதை அனுமதிக்கிறது. ஆனால் அது வடிகுழாய்க்கு 100 மில்லிமீற்றராவது மேலே நிற்கவேண்டும், எந்நேரமும் எட்டிப் பார்த்து மாற்றக்கூடியதாகவும் இருக்கவேண்டும். அந்த உயரம் சட்டங்களுக்கிடையில் இல்லை. இருந்திருந்தாலும் நான் சம்மதித்திருக்கமாட்டேன். யாரும் தவழ்ந்து போகாத இருட்டில், என்றோ ஒருநாள் இறுகிப்போகும் றப்பர்த்துண்டு ஒன்றை நம்பி அம்மாவைப் படுக்கவைக்க எனக்கு விருப்பமில்லை.

தம்பி நெடுநேரம் பேசாமல் கிடந்தார். பிறகு, "அண்ணை, ட்ராப்பை மேலை வைக்கப்பாத்துத்தானே நாங்கள் கஷ்டப்படுறம்? அதைக் கீழை இறக்குவம்" என்றார்.

அந்த ஒரு வசனத்தில் எல்லாம் அவிழ்ந்தது. ஷவரின் வடிகாலிலிருந்து குழாயை நேரே கீழே இறக்கி, ட்ராப்பைச் சட்டங்களின் கீழ்விளிம்புக்கும் கீழே வைப்பது. அங்கிருந்து வடிகுழாய் சட்டங்களைத் தொடாமல் அவற்றின் அடியாலே குறுக்கே சுவர்வரை போகும். வென்ற் சுவருக்கு நேர்கீழே அதிலிருந்து பிரிந்து நிமிர்ந்து ஏறும். படுக்கையாகப் போகவேண்டிய ஐந்தடியை இனி வடிகுழாய் கடக்கும். வென்ற் ஓரடிகூடப் படுக்கத் தேவையில்லை. இரண்டு அங்குலக் குழாயில் ட்ராப்புக்கும் வென்றுக்கும் இடையே 2.4 மீற்றர்வரை தூரம் இருக்கலாம். ஐம்பதுக்கு ஒன்று என்ற சரிவில் 2.4 மீற்றர் போனால் குழாய் 48 மில்லிமீற்றர் இறங்கும், ஏறக்குறைய அதன் உள்விட்டம். அதற்கு மேல் இறங்கினால் வென்றின் வாய் ட்ராப்பின் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே போய்விடும். காற்று எட்டுமுன் தண்ணீர் தன்னைத்தானே உறிஞ்சிக்கொள்ளும். எங்களுக்குத் தேவைப்பட்டது ஒன்றரை மீற்றர்தான். விதிப்புத்தகத்து எண்கள் யாரோ அலுவலகத்தில் இருந்து நினைத்தபடி எழுதியவை என்று எண்ணியிருந்தவர்களுக்கு இந்தக் கணக்கைச் செய்து பார்க்கச் சொல்வேன். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் தண்ணீரின் இயல்பு நிற்கிறது.

ஒரு தடை மிச்சம் இருந்தது. அந்த உட்சுவர் சரியாக ஓர் இரட்டைச் சட்டத்தின் மேல் நின்றது. கீழிருந்து சுவருக்குள் துளை போட்டு ஏறமுடியாது. அதனால் பழைய சுவரோடு ஒட்டி, அறைப்பக்கமாக இன்னொரு மெல்லிய சுவர் எழுப்பி, அதற்குள் வென்றை ஏற்றினோம். அம்மாவின் அறையில் நாலு அங்குலம் குறைந்தது. அதை நான் நட்டமாக நினைக்கவில்லை. கைபிடிகள் திருகுவதற்கு அந்தப் புதுச்சுவருக்குள் கனமான பலகைகளையும் வைக்கமுடிந்தது.

வேலை நடந்தது அக்ரோபரில். அந்தக் கிறோல் ஸ்பேஸில் ஒரு குழாயை அறுப்பதற்கே உடம்பைத் திருப்பி இடம் பண்ணவேண்டும். முழங்கையை நிமிர்த்தமுடியாது, அறுத்த கறுப்புத் தூள் கண்ணுக்குள் விழும். இங்கே வடிகாலுக்குப் போடுவது கறுப்பு ஏபிஎஸ் குழாய். அதன் பசை பூசிய சில வினாடிகளில் பிடித்துவிடும், திருப்பி எடுக்கமுடியாது. ஆகையால் தம்பி எல்லாத் துண்டுகளையும் முதலில் பசையில்லாமல் பொருத்தி, சரிவை மட்டக்கோலால் பார்த்து, ஒவ்வொரு மூட்டிலும் வெள்ளைப் பென்சிலால் கோடு இழுத்துவிட்டுத்தான் கழற்றி ஒட்டினார். பசையின் ஆவி தலையைச் சுற்றவைக்கும். துவாரத்தில் ஒரு காற்றாடியை வைத்து, நான் வாசலில் இருந்துகொண்டு அடிக்கடி அவரைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வேலையைச் செய்பவர்களின் முழங்காலும் நுரையீரலும் எவ்வளவு கொடுக்கின்றன என்பதை விலை பேசும்போது நாங்கள் நினைப்பதில்லை.

மேலே கூரையறையில் வென்றை ஒரு சிறு சரிவோடு கொண்டுபோய்ப் பழைய மூன்று அங்குல வென்றில் சேர்த்தார். உள்ளே படியும் ஈரம் தங்காமல் வடிகாலுக்கே திரும்பி வழிவதற்குத்தான் அந்தச் சரிவு. புதிதாகக் கூரையைத் துளைக்கத் தேவைப்படவில்லை. குளிர்நாட்டில் இது பெரிய ஆறுதல். குழாயிலிருந்து வரும் ஈரக்காற்று வாயில் உறைந்து உறைந்து ஒரு சிறிய குழாயை முற்றாக அடைத்துவிடும்; ஆகவேதான் கூரைக்கு வெளியே நிற்கும் வென்ற் இங்கே தடித்ததாக இருக்கும்.

தரையை மூடுமுன் நகரசபையின் இன்ஸ்பெக்ரர் வந்தார். குழாய்களின் வாய்களை அடைத்துத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தோம். கால் மணித்தியாலம் நின்று மட்டம் இறங்குகிறதா என்று பார்த்தார். பிறகு, வயதானவர் என்றாலும், சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கிறோல் ஸ்பேஸுக்குள் பாதி உடம்பை நுழைத்து விளக்கடித்தார். ஒரு சட்டத்திலும் வெட்டுப்படவில்லை என்பதைக் கண்டு தம்பியைப் பார்த்து நல்ல வேலை என்று சொன்னார். பெர்மிற்றுக்குக் கட்டிய காசு வீண் என்று எங்கள் ஆட்கள் பேசுவார்கள். எங்களுக்குத் தெரியாத ஒரு வேலையை, அது தெரிந்த, எங்களிடம் விற்க ஒன்றும் இல்லாத ஒரு மனிதர் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். எனக்கு அது மிக மலிவாகவே படுகிறது.

அம்மா புது ஷவரில் ஆசனத்தில் இருந்து, நீளக் குழாயைத் தானே கையில் பிடித்துத் தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டார். சீயாக்காய் கேட்டார். சனிக்கிழமைகளில் நல்லெண்ணெய் வைத்து முழுகினார். எண்ணெய் முழுக்கு வடிகாலுக்கு நல்லதல்ல என்று தம்பி எச்சரித்திருந்தார். நான் அதை அம்மாவிடம் சொல்லவில்லை, கிழமைக்கு ஒருதரம் வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். பேஸ்மென்ற் காலத்தில் கேட்ட அந்தச் சத்தம் ஒருநாளும் கேட்கவில்லை. அவர் இறந்து இப்போது சில வருடங்கள் ஆகின்றன. கடைசிக் கிழமைவரை அந்த ஷவரில்தான் குளித்தார்.

இப்போது எங்கள் ஆட்களின் வீடுகளில் வயதான பெற்றோருக்காகப் பின்னறையிலும் பேஸ்மென்ற்றிலும் புது ஷவர்கள் வைக்கிறார்கள். வைப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். ஓட்டின் நிறத்தைத் தெரிவு செய்யுமுன் வென்ற் எந்தச் சுவரால் ஏறுகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்று வேலைக்காரரிடம் கேளுங்கள். பதிலைக் கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். தரைச்சட்டத்தை வெட்ட விடாதீர்கள். இன்ஸ்பெக்ரர் பார்க்கும்வரை தரையை மூட விடாதீர்கள். பேஸ்மென்ற் தரையில், உலைக்குப் பக்கத்தில், யாரும் பாராமல் ஒரு வடிகால் கிடக்கும். அதன் ட்ராப் காய்ந்துவிடும். மாதத்துக்கு ஒருதரம் அதற்குள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள்.